அலுமாரியில் ஒரு பானை, கையில் ஓர் ஆசிரியர் நியமனம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 27. தொல்லியல் பட்டதாரி. இரண்டு வருடமாக அகழாய்வுகளிலும், வீதி, நீர்க்குழாய் போன்ற திட்டங்கள் தொடங்குமுன் செய்யப்படும் தொல்பொருள் பாதிப்பு மதிப்பீடுகளிலும் நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிறார். ஒரு வேலை முடிந்தால் அடுத்தது வரும்வரை வீட்டில்தான். இப்போது பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கான அழைப்பு வந்திருக்கிறது. "மண் கிண்டவா உன்னைப் படிக்கவைத்தேன்?" என்பது அம்மாவின் கேள்வி.

கடிதத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. அம்மாவின் ஊர் மன்னார்ப் பக்கம், குளத்தை அண்டிய ஒரு கிராமம். போன வருடம் மாமா கிணறு வெட்டியபோது கறுப்பு-சிவப்புப் பானையோடுகளும், உடையாத ஒரு சின்னப் பானையும் வந்திருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் மேட்டைத் தாங்களே தோண்டி, கிடைப்பதைக் கோயில் மண்டபத்தில் வைத்து, ஊரின் பூர்வீகத்தை நிறுவ வேண்டும் என்று இளைஞர்கள் நிற்கிறார்கள். தலைமை தாங்க வாசகியைக் கூப்பிடுகிறார்கள். தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிந்தால் காணி போய்விடும் என்று மாமா பயப்படுகிறார். அந்தச் சின்னப் பானை இப்போது கொட்டாஞ்சேனையில், இவருடைய உடுப்பு அலுமாரியில் இருக்கிறது.

அவர் கேட்பவை மூன்று. ஆசிரியர் வேலையை எடுத்தால் தொல்லியலை விட்டதாகிவிடுமா? ஊர் வேலையைச் சமூகத் தொல்லியல் என்று செய்யலாமா? ஒரு பெண் இந்தக் களவேலையில் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்க முடியும்?

அன்புள்ள வாசகிக்கு,

பானையைப் பற்றிய வரி உங்கள் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிறபோக்கில் வருகிறது. நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பானை

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். ஆனால் சொந்த மாமாவின் கிணறு என்று வந்ததும் அது வேறு யாருக்கோ எழுதிய சட்டம் போலத் தோன்றிவிட்டது. நிலத்துக்குள் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. காணி மாமாவின் பெயரில் இருப்பதால் அதற்குள் இருப்பதும் அவருடையதாகிவிடாது. தற்செயலாகக் கிடைத்தது குற்றமில்லை. கிடைத்ததை உடனே அறிவிக்காமல் வைத்திருப்பதும், இடம் மாற்றுவதும்தான் சிக்கல். உங்கள் பானை கிட்டத்தட்ட ஒரு வருடம் பிந்திவிட்டது. அதோடு மன்னாரிலிருந்து கொழும்புக்கும் வந்துவிட்டது.

பயந்துபோய் அதை ஊருக்குக் கொண்டுபோய்த் திரும்பப் புதைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். பானையைப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து. கிணற்றில் எத்தனை அடி ஆழத்தில், எந்த நிற மண்ணில், எந்தத் திகதியில் வந்தது என்று மாமாவிடமும் கிணறு வெட்டிய ஆட்களிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். இருவரும் வேறு வேறு ஆழம் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். பிறகு உங்கள் பல்கலைக்கழகத் துறையில் நம்பிக்கையான ஒரு விரிவுரையாளரிடம் சொல்லி, அவருடைய கடிதத்தோடு திணைக்களத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தலைமை அலுவலகம் கொழும்பு 7இல், தேசிய அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில்தான். போகுமுன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுவது நல்லது. காசு இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கழுவியதைப் பற்றி: "சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தபோது கொஞ்சம் நெஞ்சு வலித்தது. உள்ளே இருந்த மண்ணில் கரித்துண்டோ தானியமோ இருந்திருக்கலாம், காலத்தைக் கணிக்க அதுவே போதுமாக இருந்திருக்கும். சரி, போனது போனதுதான். கழுவினேன் என்பதையும் மறைக்காமல் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

மேட்டைத் தோண்டலாமா?

கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது சட்டப்படி குற்றம். தோண்டுபவரிடம் தொல்லியல் பட்டம் இருந்தாலும் அதே குற்றம்தான். இரவில் பூசை போட்டுப் புதையல் தோண்டப் போய் மாட்டிக்கொள்ளும் கூட்டத்தைப் பற்றி வாராவாரம் செய்தி வருகிறது. பொலிஸார் வந்து நிற்கும்போது உங்கள் இளைஞர்களுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் வித்தியாசம் சொல்ல உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. மாட்டிக்கொள்ளப் போவது உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் பையன்கள்.

சட்டம் கிடக்கட்டும், தொழில் ரீதியாகப் பாருங்கள். நீங்கள் இரண்டு வருடம் குழிக்குள் இறங்கியவர். ஒரு மண்ணடுக்கை ஒரு முறைதான் வெட்டலாம். படித்துமுடித்த பக்கத்தைக் கிழித்தெறிந்துகொண்டே போகும் வாசிப்பு இது. எழுதிவைக்காதவனுக்கு எதுவும் மிஞ்சாது. பழைய துறைமுக நகரான மாந்தையை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் அம்மாவின் ஊருக்குத் தூரமில்லை. தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980இல் அங்கே தொடங்கிய அகழாய்வு 1984இல் போரால் நின்றது. முழு அறிக்கை நூலாக வந்தது 2013இல். இடையில் 29 வருடம். அத்தனை காலம் கழித்தும் நூல் வந்ததென்றால், குழிக் குறிப்பேடுகளும் வரைபடங்களும் படங்களும் எங்கோ பத்திரமாக இருந்ததால்தான். கோயில் மண்டபத்தில் வரிசையாக அடுக்கிவைத்த பானைகளால் அப்படி ஒரு நூலை எழுத முடியாது.

காணி பற்றிய மாமாவின் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் என்று சொல்ல என்னால் முடியாது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. தமிழும் முஸ்லிமுமாகப் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் அது. இதைப் பார்த்த ஒரு விவசாயிக்கு 'தொல்லியல்' என்ற சொல்லே எல்லைக்கல் மாதிரித்தான் கேட்கும். ஆனாலும் உங்கள் மாமா இரண்டு விடயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். தொல்லியல் ஒதுக்கிடமாக அறிவிப்பது அரச காணியைத்தான். தனியார் காணியில் இருக்கும் சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாகப் பிரகடனம் செய்வது வேறு வழி. அதற்கு முன்னறிவித்தல் உண்டு, ஆட்சேபம் சொல்லும் வாய்ப்பும் உண்டு. பிரகடனம் வந்தால் காணி உரிமை போகாவிட்டாலும் அங்கே கட்டடம் கட்ட, ஆழ உழக் கட்டுப்பாடு வரலாம். அதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். கிணற்றடியில் கிடைத்த சில ஓடுகளுக்காக யாரும் உடனே வர்த்தமானி அடிக்கப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் மாமாவின் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா? பலருடைய பயத்தின் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால் வருவது.

அறிவிப்பதென்றால் எழுத்தில், தமிழில், பிரதிகளோடு அறிவியுங்கள்: திணைக்களத்துக்கு, பிரதேச செயலாளருக்கு, கிராம அலுவலருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல்காரருக்கு. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பிரதி நான்கு இடத்தில் இருக்கும் கடிதத்தை யாரும் இலேசில் தொலைக்க முடியாது. மறைத்துவைத்த மேட்டுக்குத்தான் பாதுகாப்பில்லை. ஒரு நாள் பெக்கோ வந்து மண் ஏற்றினால் அது அங்கே இருந்ததற்கு ஆதாரமே இருக்காது.

"பூர்வீகத்தை நிறுவ"

இந்தச் சொல் உங்கள் கடிதத்தில் ஐந்து தடவை வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதுதான் பானையைவிடக் கவலை தருகிறது.

கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் ஆனைக்கோட்டையில் கிடைத்தது, கந்தரோடையில் கிடைத்தது, தாழிகளில் இறந்தோரைப் புதைத்த பொம்பரிப்பு தாழிக்காட்டில் கிடைத்தது. அநுராதபுரத்தின் ஆழமான அடுக்குகளிலும் கிடைத்தது. கடலுக்கு அப்பால் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்தது. பானையோட்டுக்குத் தாய்மொழி கிடையாது. எழுத்து கீறிய ஓடு வந்தால் அது வேறு பேச்சு, அப்போதும் ஒரு பெயர்தான் கிடைக்கும், ஓர் இனத்தின் உறுதிப்பத்திரம் கிடைக்காது. பதிலை முதலே எழுதிவைத்துக்கொண்டு அதற்கு ஓடு தேடுவதுதான் நாம் மற்றவர்களிடம் குறையாகச் சொல்வது. அதையே நாமும் செய்தால் குறை சொல்லும் தகுதி போய்விடும்.

நாளைக்கு அந்த மேட்டில் ஒரு பௌத்தச் சின்னம் வந்தால் உங்கள் இளைஞர்கள் என்ன செய்வார்கள்? எடுத்துக் குளத்தில் போடுவார்களா? தமிழர் நடுவே பௌத்தம் இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் நீங்கள் அந்த மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பேச்சு ஒரு மாலைப்பொழுதில் முடியாது.

தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்லை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹ 1409இல் பொறிக்கச் செய்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் மூன்று தெய்வ நெறிகளுக்குக் காணிக்கை சொல்லும் கல். தமிழ்ப் பகுதி விஷ்ணுவான தெனாவரை நாயனாருக்கு. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளரின் கண்ணில் பட்டபோது அது ஒரு மதகை மூடிக் கிடந்தது. இந்தக் கல் யாருடைய பூர்வீகத்தை நிறுவுகிறது? பையன்களைக் கொழும்புக்குக் கூட்டிவந்து அதன் முன்னால் நிறுத்தி, இந்தக் கேள்வியை அவர்களிடமே கேளுங்கள்.

அப்படியென்றால் சமூகத் தொல்லியல் எது?

நீங்கள் நினைப்பதுபோல ஊரைத் திரட்டி மண்வெட்டியைக் கையில் கொடுப்பதில்லை. சில திட்டங்கள் நினைப்பதுபோலப் பாடசாலையில் ஒரு கண்காட்சி வைத்துக் கைதட்டு வாங்குவதும் இல்லை. எதைத் தேடுகிறோம், கிடைத்தது எங்கே இருக்கும், அதைப் பற்றி எந்த மொழியில் யார் எழுதுவார் என்ற முடிவுகளில் ஊராருக்கும் ஒரு குரல் இருப்பது.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் மேற்பரப்பாய்வு செய்து, இரண்டு சாக்கு நிறைய ஓடு பொறுக்கினோம். வாகனத்தில் ஏற்றும்போது ஓர் ஆச்சி வேலியோரம் நின்று கேட்டார்: "தம்பி, இதையெல்லாம் கொண்டுபோறியள், என்ன எண்டு எங்களுக்கும் வந்து சொல்லுவியளோ?" சொல்லுவம் ஆச்சி என்றேன். பதினொரு வருடம் கழித்துத்தான் அந்தப் பக்கம் போனேன். ஆச்சி இல்லை. நாங்கள் பொறுக்கிய இடத்தில் செங்கல் சூளை இருந்தது. எங்கள் அறிக்கை ஆங்கிலத்தில், ஒரு நூலகத்தின் மேல்தட்டில் இருந்தது. அந்த ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

கடலில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தெற்கே கொடவாயவில் கடலடியில் கிடக்கும் ஈராயிரம் வருடப் பழைய கப்பலைக் கண்டது ஆராய்ச்சியாளர் அல்லர், அந்தக் கடலில் சுழியோடிப் பிழைப்பவர்கள். காலியில் இருக்கும் கடல்சார் தொல்லியல் பிரிவு அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தது. இடம் தெரிந்தவன் ஊரவன். அவன் வந்து சொல்வதற்கு அவனுக்கு நம்மீது நம்பிக்கை வேண்டும், அவ்வளவுதான்.

அனுமதிப்பத்திரம் இல்லாமலே நீங்கள் இப்போது தொடங்கக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. வயல்களின் பெயர்களை எழுதுவது. கைவிடப்பட்ட குளங்களை, மதகுகளை, நடுகல்லோ என்று சந்தேகப்படும் கற்களைப் படமெடுத்து இடம் குறிப்பது. எந்த வீட்டில் கிணறு வெட்டியபோது என்ன வந்தது என்று கிழவர்களிடம் கேட்பது. ஒன்றையும் பொறுக்காமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு. இளைஞர்களின் கையில் ஏற்கெனவே தொலைபேசி இருக்கிறது, அதில் இட அமைவு காட்டும் வசதியும் இருக்கிறது. ஒரு வருடத்தில் இப்படி ஒரு பதிவேடு உருவானால் நாளை ஒரு பல்கலைக்கழகம் முறையாக அனுமதி எடுத்து வரும்போது உங்கள் ஊரைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியாது. ஒரு எச்சரிக்கை: பற்றைக்காட்டுக்குள் இறங்குமுன் அது கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட பகுதிதானா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மன்னாரில் இது சம்பிரதாயக் கேள்வி இல்லை.

வேலையா, வகுப்பறையா?

ஆசிரியர் நியமனத்தை ஏற்கும்படிதான் நான் சொல்வேன். "தோற்றுப்போன தொல்லியலாளர்களின் புகலிடம்" என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியை நீங்களே இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.

இந்த நாட்டில் நிரந்தரத் தொல்லியல் வேலை தருபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1890இல் தொடங்கிய திணைக்களம், 1980இல் வந்த மத்திய கலாசார நிதியம், சில பல்கலைக்கழகத் துறைகள், அருங்காட்சியகங்கள். மற்றதெல்லாம் திட்டத்துக்குத் திட்டம் தாவும் வேலை. பாதிப்பு மதிப்பீட்டு வேலை தொல்பொருட்கள் சட்டத்தின் 1998 திருத்தத்துக்கும் 2000ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளுக்கும் பிறகு கூடியது உண்மைதான், ஆனால் பெருந்திட்டங்கள் நின்றால் அதுவும் நிற்கும். கடந்த சில வருடங்களில் அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 35 வயதில் முதுகுவலியோடும் சேமிப்பு இல்லாமலும் நின்றவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள்.

அதே நேரம் ஆசிரியர் வேலையைத் தேனாக்கிச் சொல்லவும் மாட்டேன். எந்த மாகாணம், எந்தப் பாடசாலை, எத்தனை வருடம் இடமாற்றம் கேட்க முடியாது என்பதையெல்லாம் கையெழுத்திடுமுன் கேளுங்கள். வேறு சம்பள வேலைக்கு முன்னனுமதி வேண்டும். அகழாய்வுக்கு ஆறு வாரம் லீவு கேட்டால் அதிபர் சிரிப்பார். ஆனால் தவணை விடுமுறை இருக்கிறது. ஓகஸ்டில் மன்னார் மண் காய்ந்து வேலைக்குத் தோதாக இருக்கும். மாதச் சம்பளம் வந்தால் பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் ஒரு பட்டத்துக்குப் பதியலாம். முதுமாணி இல்லாமல் இந்தத் துறையில் மேலே ஏறுவது கடினம். வரலாறு கற்பிக்கும் ஆசிரியைக்கு வருடத்துக்கு நூறு பிள்ளைகள் கிடைப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் வேண்டாம் என்பேன். இரண்டு வருடத்துக்குக் குறையாத, எழுத்தில் உள்ள ஒப்பந்தம் ஒன்று தொல்லியலிலேயே உங்கள் கையில் இருந்தால். "எடுப்பதாகச் சொன்னார்கள்" என்பது ஒப்பந்தம் இல்லை.

இன்னொன்று: தனியார் ஆலோசனை நிறுவனத்துக்கு நாட்சம்பளத்துக்கு வேலை செய்தபோது சேமலாப நிதி கிடையாது என்று சொன்னார்களாம், நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். தற்காலிக ஊழியருக்கும் நாட்கூலிக்கும் அது உண்டு, முதல் நாளிலிருந்தே. உங்கள் பங்கு 8 சதவீதம், வேலை கொடுப்பவர் பங்கு 12; அதற்குமேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் 3 சதவீதம். சம்பளச் சீட்டு, வரவுப் பதிவு, வட்சப் செய்தி எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

பெண்ணாகக் களத்தில்

ஆண்களைக் குழிக்குள் விட்டுவிட்டு உங்களை எப்போதும் ஓடு கழுவ உட்கார வைத்தார்கள் என்கிறீர்கள். ஓடு கழுவி இலக்கமிடுவது கண்ணைப் பழக்கும் வேலை, எல்லோரும் செய்ய வேண்டியது. பெண்களே செய்ய வேண்டும் என்று வந்தால்தான் வஞ்சகம். அடுத்த முறை சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் பொறுப்பில் ஒரு குழியும் என் பெயரில் ஒரு குறிப்பேடும் இருக்குமா? அறிக்கையில் என் பெயர் வருமா? தங்குமிடத்தில் பூட்டக்கூடிய கதவும் கழிப்பறையும் இருக்கிறதா என்று கேட்கவும் வெட்கப்பட வேண்டாம். வயலோரக் குழி என்றால் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் கேளுங்கள்.

எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கலாம் என்ற கேள்வியை நான் ஆணிடமும் பெண்ணிடமும் ஒரேபோலத்தான் கேட்பேன். ஐம்பதுக்குப் பிறகு யாரும் குந்தியிருந்து கரண்டியால் சுரண்டுவதில்லை. அதற்குள் மட்பாண்டமோ, எலும்போ, கல்வெட்டோ, வரைபடமோ ஏதாவது ஒன்றில் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். 2018இல் மன்னார் நகரில் கட்டட வேலையின்போது மனிதப் புதைகுழி வெளிப்பட்டு முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டபோது, நீதிமன்ற மேற்பார்வையில் தொல்லியலாளரும் நின்றார்கள். 2019இல் வந்த கரிமக் கணிப்பு 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது, அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் எந்த எலும்பு எந்த அடுக்கில் கிடந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஆட்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. எலும்பு உங்களைப் பயமுறுத்தாவிட்டால் அந்தப் பக்கமும் யோசியுங்கள்.

அம்மா விடயம் மிச்சம் இருக்கிறது. நியமனத்தை ஏற்றால் அவர் கோபம் தணிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள், தணியலாம். ஆனால் அந்தப் பதிவேட்டுக்கு நீங்கள் முதலில் பேட்டி எடுக்க வேண்டிய ஆள் அவர்தான். அந்தக் குளத்தில் குளித்து வளர்ந்தவர், இடப்பெயர்வுக்கு முன்னால் இருந்த ஊர் அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய தாளை விரித்து, குளத்தை நடுவில் வரைந்து, பென்சிலை அவர் கையில் கொடுங்கள். மாமாவின் கிணற்றடிக்கு அவர் சின்ன வயதில் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.